வண்டி தாமதம்

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் தங்கப்பாண்டி தன் வேனைக் கொண்டுவந்து கம்பெனி வேப்பமரத்தடியில் நிறுத்திவிடுவான். ஷிப்ட் முடிவது ஐந்தரைக்கு. அரை மணி முன்னால் வந்து நில் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஆள் அப்படி. கல்யாண வீடென்றால் இலை போடுமுன் போய் நிற்பான். இழவு வீடென்றால் சேதி சொல்லவந்த ஆள் ஊர் திரும்புவதற்குள் போய் நிற்பான். தாமதம் என்றாலே அவனுக்கு ஒரு பதற்றம், அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்ட மாதிரி.

திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையை ஒட்டி இருந்தது அந்தத் தையல் கம்பெனி. வெளிநாட்டுப் பிள்ளைகள் போடுகிற சட்டைகளை அங்கே தைத்தார்கள். ஐந்தரைக்கு மணி அடித்ததும் பெண்கள் வரிசையில் வந்து, சுவரில் மாட்டியிருக்கும் கருவியில் முகத்தைக் காட்டுவார்கள். அது ஒரு பெண் குரலில் நன்றி சொல்லும். நன்றியை வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் மறுபடி உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். கம்பெனிக் கணக்கில் வேலை முடிந்துபோனது. அன்றைக்குச் சொன்ன எண்ணிக்கை மட்டும் முடிந்திருக்காது. அது முடியும்வரைக்கும் வேன் கிளம்பாது. வேன் இல்லாமல் அந்தப் பொட்டல் ரோட்டில் பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஆக, ஏழரைக்கோ எட்டுக்கோ வெளியே வருவார்கள். அதுவரை தங்கப்பாண்டி சீட்டைத் தட்டுவான், கண்ணாடியைத் துடைப்பான், வாட்ச்மேனோடு ஊர்க்கதை பேசுவான், கொசுவை அடிப்பான். அவன் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கிடையாது. அதை அவன் கேட்டதும் கிடையாது.

வேனில் ஏறியதும் அந்தப் பெண்கள் செய்கிற முதல் காரியம் தண்ணீர் குடிப்பது. காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அப்படியே நிறைய இருக்கும். அதை ஒரே மூச்சில் கவிழ்ப்பார்கள். கழிப்பறைக்குப் போக ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன்தான். அதைச் சூப்பர்வைசர் சுருளி கழுத்தில் தாலி மாதிரி மாட்டிக்கொண்டு அலைவான். போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தால், "என்னத்தா, உள்ள படுத்து எந்திரிச்சியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து யாரும் பகலில் தண்ணீர் தொடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் என்று போர்டில் எழுதியிருக்கிறது. டிபன்பாக்ஸைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். சாயங்காலத் தேநீர் ஒரு காலத்தில் இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ரயில்வே கேட் தாண்டிக் கருவேலங்காட்டு ஓரத்தில் தங்கப்பாண்டி வண்டியை நிறுத்திவிடுவான். முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இறங்கி, முன்பக்கம் போய், ரோட்டைப் பார்த்தபடி ஒரு பீடியைப் பற்றவைப்பான். பீடி முடிகிற நேரத்தில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நிறுத்து என்று யாரும் கேட்டதில்லை, ஏன் நிறுத்தினாய் என்றும் கேட்டதில்லை. அந்த வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் அவனுக்கு ஏதோ ஒரு முறையில் அயித்தை, தங்கச்சி, மதினி, மகள். ஒருத்தி அவன் பெண்டாட்டி முத்துத்தாய்.

அத்தனை பேரையும் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். தவணையில் வேன் வாங்கிவிட்டுச் சவாரி கிடைக்காமல் திண்டாடிய நாளில், ஆள் பிடித்துக் கொடுத்தால் அந்த ரூட் உனக்குத்தான் என்றார் மேனேஜர். தங்கப்பாண்டி வீடு வீடாக ஏறி இறங்கினான். வயசுப்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று எல்லா வீட்டிலும் இழுத்தார்கள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த பாண்டிமீனாவின் அப்பா சின்னச்சாமிதான் முதலில் தலையாட்டினார். "உன் வண்டின்னா அனுப்புறேன் மாப்ள. நீ கூட்டிட்டுப் போயி நீ கொண்டாந்து விட்டா எனக்கென்ன பயம்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மற்ற வீடுகளும் வழிக்கு வந்தன.

ஆடி மாதத்தில் முத்துத்தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அடிவயிற்றில் வலி, நெருப்பாய்க் கடுக்கிற நீர்க்கடுப்பு. திருமங்கலம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா நீ? கிட்னிக்குப் போயிருக்கும், தெரியுமா?" என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டி, "குடிக்க வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டான். முத்துத்தாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் சித்திரையைப் போலக் காய்ந்தது. பம்புசெட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போன் செய்தார். பேசி முடித்துவிட்டுப் பாதி கழுவின வண்டியை அப்படியே விட்டு வீட்டுக்கு வந்தான். முத்துத்தாய் வாசலில் குத்தவைத்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்பில் புளி கொதிக்கிற வாசம் வந்தது.

"ஏ முத்து, கம்பெனி மேல மனு போட்டுருக்கீகளாம்ல?"

அவள் நிமிரவில்லை. "ஆமா."

"நீயும் கையெழுத்துப் போட்டுருக்க."

"ஆமா. பாண்டிமீனா எழுதுனா. பதினோரு பேரு போட்டோம். எல்லாம் நம்ம வண்டி ஆளுகதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா என்ன செஞ்சுருப்ப?"

கோழி ஒன்று கருவாட்டுக்கு வந்தது. அதை விரட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்னான்னு எழுதுனீக?"

"உள்ளதத்தான். அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா வேலை வாங்கக் கூடாதாம் மாமா, சட்டமே இருக்காம். அர மணி நேரம் விட்டே ஆகணுமாம். ஷிப்டுக்கு மேல பாக்குற வேலைக்கு ரெட்டச் சம்பளமாம். பாண்டிமீனா படிச்சுக் காமிச்சா. கேட்டுட்டு ஒச்சாயி அயித்தை என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஒத்தச் சம்பளமே குடுக்கல, இதுல ரெட்டைக்கு எங்கிட்டுப் போறது? எனக்கு ஒண்ணுக்குப் போக விட்டாப் போதும்டி'ன்னுச்சு. சிரிச்சோம். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரல."

தங்கப்பாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புதன்கிழம லேபர் ஆபீசரு வாராகளாம். கம்பெனிக்காரய்ங்க என்ன சொல்லப் போறாய்ங்க தெரியுமா? எல்லாரும் அஞ்சரைக்கே வேலைய முடிச்சிர்றாக, மொகத்தக் காட்டுற மெஷின்ல பாருங்கன்னு காட்டுவாய்ங்களாம். அப்புறம் ஏன் எட்டு மணி வரைக்கும் உள்ள இருக்காகன்னு கேட்டா, வண்டி வர லேட்டாகுது, பொம்பளப் பிள்ளைகள வெளிய நிறுத்தக் கூடாதுன்னு பத்திரமா உள்ள உக்கார வச்சிருக்கோம்னு சொல்லுவாய்ங்களாம்."

முத்துத்தாயின் விரல்கள் நின்றுவிட்டன. "வண்டி லேட்டா?"

"நான் வேற சவாரி அடிச்சுட்டு லேட்டா வாரேன்னு ஆபீசர்கிட்ட ஒத்துக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

சொல்லிவிட்டு அவசரமாக அவனே பேசினான். "வேற என்ன சொல்லச் சொல்ற? அடுத்த மாசம் இன்னொரு ரூட்டு தாரேங்கிறாரு. மாட்டேன்னா இந்த ரூட்டும் கெடையாது. தவணை முடிய இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. வண்டிய இழுத்துட்டுப் போயிட்டா நான் திரும்ப எவன் லாரிக்குக் கிளீனரா ஏறுவேன், இந்த இடுப்ப வச்சுக்கிட்டு?"

"நான் ஒண்ணும் சொல்லலையே மாமா."

"சொல்லாம இருக்கியே, அதான் கோவமா வருது."

முத்துத்தாய் கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அடுப்படி நிலையில் ஒரு கையை ஊன்றி நின்று சொன்னாள்.

"ஒண்ணு யோசிச்சுப் பாத்தியா? எட்டு எட்டரைக்குப் பொம்பளைக வீட்டுக்கு வாரோம். வேற எவன் வண்டியாச்சும் இருந்தா இந்த ஊரு சும்மா விட்டுருக்குமா? மொத வாரமே அப்பன் ஆத்தா அம்புட்டுப் பேரும் கம்பெனி வாசல்ல நின்னுருப்பாக. உன் வண்டிங்கவும்தான் ஒருத்தரும் கேக்கல. தங்கம் கூட்டியாரான்ல, பத்திரமா வந்துருவாகன்னு இருந்துட்டாக. இப்ப அந்தத் தங்கமே லேட்டா வாரேன்னு சொல்லப் போறான். நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. தங்கப்பாண்டி ஒரு கரண்டிச் சோற்றுக்கு மேல் தின்னவில்லை. அவனுக்கு முத்துத்தாய்மேல் கோபம் வந்தது, மேனேஜர்மேல் வந்தது, வண்டிமேல் வந்தது. கடைசியில் வந்து நின்ற இடம் அவன்தான். நல்ல பெயரென்று இத்தனை வருசம் சேர்த்ததை எவனோ ஒருத்தன் எடுத்து முட்டுக்கொடுத்து, அதன்மேல் இரண்டு மணி நேரக் கூலியில்லா வேலையைக் கட்டி எழுப்பியிருக்கிறான். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. ஆனாலும் தவணை தவணைதான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆபீசர் அம்மா வந்தார். ஜீப்பில் வருவார் என்று எதிர்பார்த்தால், பஸ்சை விட்டு இறங்கித் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். நரைத்த தலை, தேய்ந்த செருப்பு. வந்ததும், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று வாங்கிக் குடித்தார். மனுப் போட்ட பதினோரு பேரும் சுவரோரம் வரிசையாக நின்று அவர் குடிப்பதையே பார்த்தார்கள்.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஐந்தரை, ஐந்து முப்பத்தொன்று, ஐந்தரை என்று எல்லார் முகமும் நேரமும் வரிசையாக இருந்தன. பிறகு தங்கப்பாண்டியைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நீங்கதான் வேன் ஓட்டுறவரா? சாயங்காலம் எத்தனை மணிக்கு வண்டி இங்க வரும்?"

தங்கப்பாண்டி பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏழு, ஏழரை ஆகும் மேடம். வேற சவாரி ஒண்ணு இருக்கு. நாந்தான் லேட்டா வாரேன்."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். பிசகில்லாமல் வந்துவிட்டது. மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆபீசர் அம்மா பெண்களைப் பார்த்தார். "இவரு சொல்றது சரியாம்மா?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பாண்டிமீனா சட்டமெல்லாம் பேசக்கூடியவள்தான், ஆனால் முத்துத்தாயை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாயாடி ஒச்சாயிகூடக் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது அவள் புருசனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் மேனேஜரும் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"சரின்னா எழுதிக்கிறேன். வண்டி தாமதம்" என்று ஆபீசர் அம்மா பேனாவை எடுத்தார்.

"மேடம், அத மட்டும் எழுதாதீக."

சொன்னது முத்துத்தாய்.

"ஏம்மா?"

"அவரு எம் புருசன். ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல மேடம். எங்க கல்யாணத்தன்னைக்கே விடியுமுன்ன மாப்ள வீட்டாளுகளோட வந்து நின்னுட்டாரு. நாங்க அப்பத்தான் வாசத் தெளிச்சுக்கிட்டு இருந்தோம். அப்படி ஒரு ஆளு. என்ன வேணா எழுதுங்க, எங்க மனுவக் கிழிச்சுக்கூடப் போடுங்க. அவரு லேட்டா வாராருன்னு மட்டும் எழுதாதீக."

"அப்ப இவர் சொல்றது பொய்யா?"

"பொய்தான் மேடம்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் ஒச்சாயி ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். மதகு திறந்தது போல அவள் வாயும் திறந்துகொண்டது.

"அஞ்சு மணிக்கெல்லாம் எங்க மாப்ள வந்துருவாரு மேடம். எம் மெஷினுக்கு நேரா ஜன்னலு. வேப்பமரத்தடியில வண்டி நிக்கிறது நல்லாத் தெரியும். அதப் பாத்துக்கிட்டேதான் தைப்பேன். அந்தா நிக்கிது நம்ம வண்டி, அந்தா நிக்கிது நம்ம வண்டின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ரெண்டு மணி நேரமும் தைப்பேன். நின்ன வண்டிய நிக்கலைன்னு சொன்னா எப்பிடி மேடம்?"

"மழை பேஞ்ச அன்னைக்கும் அஞ்சுக்கே வந்துட்டாரு" என்றாள் இன்னொருத்தி.

"எங்க மாமாவுக்குக் காய்ச்சல் அடிச்சப்பவும் வந்தாக மேடம்" என்றாள் பாண்டிமீனா. "போர்வையப் போத்திக்கிட்டு ஸ்டியரிங்ல தலைய வச்சு படுத்துருந்தாக."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். வேலை நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, கூலியைப் பற்றிப் பேசவில்லை, டோக்கனைப் பற்றிக்கூடப் பேசவில்லை. எல்லாரும் தங்கப்பாண்டியைப் பற்றியே பேசினார்கள். அவன் நேரம் தவறாதவன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் வண்டி அவனைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இத்தனை பேர் தன்னை இவ்வளவு கவனித்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பளை அழுவதாவது என்று கூரையைப் பார்த்தான்.

"என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?" ஆபீசர் அம்மாவின் குரலில் அதட்டல் இல்லை.

தங்கப்பாண்டி மேனேஜரைப் பார்த்தான். அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

"அவுக சொல்றதுதான் மேடம்" என்றான். "நான் அஞ்சுக்கே வந்துருவேன். இவுக வேலை முடிய எட்டாயிரும். உள்ள மெஷின் ஓடுற சத்தம் வெளிய எனக்குக் கேக்கும்."

ஆபீசர் அம்மா எழுதினார். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக விசாரித்து எழுதிக்கொண்டு, கிளம்பும்போது பெண்களிடம் சொன்னார். "நோட்டீஸ் போகும்மா. பதில் சொல்லுவாங்க. அப்புறம் விசாரணை. மாசக்கணக்கா இழுக்கும், மனசு விட்றாதீங்க. என் ஒருத்திக்கு இந்த மாதிரி எத்தனையோ கம்பெனி இருக்கு." சொல்லிவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டே போனார்.

அன்றைக்கு ஐந்தரைக்கு மணி அடித்தது. கருவி நன்றி சொன்னது. உள்ளே போ என்று சுருளி சொல்லவில்லை. பெண்கள் வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்கள். தங்கப்பாண்டி சாவியைத் திருகும்போது மேனேஜர் ஜன்னலோரம் வந்து நின்றார். "நாளைக்கு வண்டி வேணாம்ப்பா. சொல்லி அனுப்புறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வண்டிக்குள் வெற்றி பெற்ற கூத்து ஒன்றும் இல்லை. நாளைக்கு எப்படி வேலைக்குப் போவது, போனால் உள்ளே விடுவார்களா என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு பல பேர் தூங்கிப்போனார்கள். முத்துத்தாய் முன்சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா மாமா?"

"இல்ல."

"லாரிக்குப் போனா இடுப்பு தாங்காதுன்னியே."

"பாப்போம்" என்றான். கொஞ்ச தூரம் போனபிறகு, "நீ என்ன, எல்லார் முன்னாடியும் கல்யாணக் கதையெல்லாம் எடுத்து விடுற?" என்றான். அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஊருக்குள் வண்டி நுழைந்தபோது பொழுது இன்னும் இறங்கவில்லை. மாடுகள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் இருந்த சின்னச்சாமி, மகள் பாண்டிமீனா வெளிச்சத்தில் இறங்குவதைப் பார்த்துத் திகைத்து எழுந்து வந்தார். கையில் பாதி டீ இருந்தது.

"என்ன மாப்ள, இன்னைக்கு இம்புட்டுச் சீக்கிரமா வந்துட்ட?"

தங்கப்பாண்டி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவரையே பார்த்தான். இந்த ஊரில் அவனைத் தாமதக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. எட்டரை மணியைத்தான் அவன் நேரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரமில்ல மாமா" என்றான். "இதான் நேரம்."